பிளாக் கேன்யனில் முதன்முறை கயாக் ஓட்டப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவிலுள்ள ஹூவர் அணையின் அடிவாரத்திலிருந்து தெற்கே வில்லோ பீச் வரை கொலராடோ ஆறு ஓடும் சுமார் 12 மைல் தூரம், இதற்கு முன் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் உட்கார்ந்தே இராதவரும் ஒரு வழிகாட்டியோடு போய்வரக்கூடிய பாலைவனப் பள்ளத்தாக்கு. மேற்குக் கரை நெவாடா மாநிலம், கிழக்குக் கரை அரிசோனா மாநிலம். இரு பக்கமும் நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் எரிமலைப் பாறைச் சுவர்களின் கரிய நிறத்தால் இதற்குப் பிளாக் கேன்யன் என்று பெயர் வந்தது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதைத் தேசிய நீர்த்தடமாக, அதாவது படகில் செல்வோருக்கான வழித்தடமாக, அறிவித்தது. பாலைவனத்தின் ஊடே செல்லும் முதல் தேசிய நீர்த்தடம் இதுவே. படகைப் புரட்டிப் போடும் கொந்தளிப்போ, அருவியோ வழியில் இல்லை. அதனாலேயே பலர் இதை இலகுவாக எடுத்துக்கொண்டு, தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவது போன்ற உடையில் வந்து நிற்கிறார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் வந்து நின்றேன். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த நாளின் அனுபவமும் ஒரு காரணம்.

முதலில் தண்ணீரைப் பற்றி

பயணத் தேதி, கட்டணம், உடை எல்லாவற்றையும் தீர்மானிப்பதற்கு முன் இந்த ஆற்றின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1935-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹூவர் அணை 726 அடி உயரமானது. அதற்குப் பின்னால் தேங்கி நிற்கும் லேக் மீட் என்னும் பெரும் நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பைத்தான் வெயில் சூடாக்குகிறது; ஆழத்தில் இருக்கும் நீரை அது தொடுவதில்லை. மின்சாரம் எடுப்பதற்காக அணை உள்ளிழுத்துக் கீழே விடுவது அந்த ஆழத்து நீரை. ஆகவே பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில், சுமார் 12 அல்லது 13 டிகிரி செல்சியசில் இருக்கிறது. ஜூலை மாதத்தில் கரையில் 40 டிகிரியைத் தாண்டிய வெப்பம் அடிக்கும்போதும், படகிலிருந்து கையை நீட்டி மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் வைத்திருந்தால் சற்று நேரத்தில் விரல் கணுக்கள் வலிக்கத் தொடங்கிவிடும்.

நீரின் நிறத்துக்கும் இதே அணைதான் காரணம். கொலராடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறமானது என்று பொருள். அணைக்கு முன் வண்டலைச் சுமந்து செம்மண் குழம்பாக ஓடிய ஆறு, இப்போது தன் வண்டலை லேக் மீட்டில் இறக்கிவிட்டு, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிந்து பச்சையாக வருகிறது.

குளிர்ந்த நீரில் எதிர்பாராமல் விழும் உடல், நம் விருப்பத்தைக் கேட்காமல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கிறது. அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். நல்ல நீச்சல்காரர்கள்கூடக் குளிர்நீரில் மூழ்கிப்போவதற்கு முதன்மையான காரணங்களில் இது ஒன்று. குளிர்நீர்ப் பாதுகாப்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், உடற்சூடு இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். இது தோராயமான கணக்கு. ஆனாலும் அதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. விழுந்த முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேலே நிறுத்துவது நீச்சல் திறமை அல்ல, உயிர்காப்பு மேலங்கி. அது படகில் கிடந்தால் பயனில்லை. புறப்படும் கரையிலிருந்து இறங்கும் கரை வரை, வெயில் எவ்வளவு அடித்தாலும், வார்கள் இறுக்கப்பட்ட நிலையில் உடம்பிலேயே இருக்க வேண்டும். யாராவது அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். அது உங்கள் காதுவரை எழும்பினால் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

எந்தப் பயணம், எந்த மாதம், யாரோடு

புதியவர்களுக்கு இங்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வில்லோ பீச்சிலிருந்து புறப்பட்டு, நீரோட்டத்துக்கு எதிராகச் சுமார் 2 மைல் போய், எமரால்டு கேவ் என்று அழைக்கப்படும் சிறு குகையைப் பார்த்துவிட்டு அதே கரைக்குத் திரும்பும் அரைநாள் பயணம். மற்றொன்று, அணையின் அடிவாரத்தில் இறங்கி வில்லோ பீச் வரை ஆற்றோடு வரும் முழுநாள் பயணம். இரவு கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் இரண்டு நாள் பயணமும் இருக்கிறது, ஆனால் அதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது. இதுவரை துடுப்பே பிடிக்காதவர், ஒரு மணி நேரம் தொடர்ந்து நடந்தாலே களைத்துப் போகிறவர், சிறு பிள்ளைகளோடு வருகிறவர் ஆகியோர் அரைநாள் பயணத்தையே தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒரு வசதி இருக்கிறது: சக்தி உள்ளபோது எதிரோட்டத்தில் போகிறீர்கள், களைத்த பிறகு ஆறு உங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறது. பாதியில் முடியாது என்று தோன்றினால் படகைத் திருப்பினால் போதும். முழுநாள் பயணத்தில் அந்த வழி கிடையாது. அணையை விட்டு இறங்கியபின் வில்லோ பீச் வந்து சேரும்வரை, சாலை வந்து தொடும் கரை வழியில் இல்லை.

அணையின் அடிவாரம் பாதுகாக்கப்பட்ட பகுதி. சொந்தக் காரில் அங்கே போக முடியாது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் வண்டிகள் மட்டுமே படகுகளையும் ஆட்களையும் கீழே கொண்டுபோய் இறக்குகின்றன. ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே பெயர் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பதாலும், ஒரு நாளுக்கு இத்தனைப் படகுகள்தான் என்ற வரம்பு இருப்பதாலும், இளவேனில் மாதங்களிலும் இலையுதிர் மாதங்களிலும் இடம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. புகைப்படம் உள்ள அரசு அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் கொண்டுவர வேண்டும். அதை நனையாமல் வைப்பதற்கு ஒரு தனி உறையும் வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை மார்ச் முதல் மே தொடக்கம் வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடு வரையும் நான் பரிந்துரைப்பேன். கோடையில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் சுவர்கள் நாள் முழுவதும் உள்வாங்கிய வெப்பத்தை மாலையில் திருப்பி வீசும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு புதியவர் ஆறு மணி நேரம் இருப்பது உடம்பைக் கசக்கிப் பிழியும். அத்துடன் ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை மேகங்கள் திடீர் வெள்ளத்தைக் கொண்டுவரலாம். குளிர்காலத்தில் காற்றும் குளிரும், தண்ணீரும் குளிரும் என்பதால் உடலோடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் வெட்சூட் போன்ற உடை கட்டாயமாகிவிடும்.

கிழமையையும் பாருங்கள். வில்லோ பீச்சுக்கு மேலே அணையை நோக்கிச் செல்லும் பகுதியில் ஞாயிறும் திங்களும் மோட்டார் படகுகளுக்கு அனுமதியில்லாத நாட்கள். அந்த இரு நாட்களில் ஆற்றில் கேட்பது துடுப்பின் ஓசையும் பறவையின் ஓசையும் மட்டுமே. படகுகள் கிளப்பும் அலைகளைச் சமாளிக்க வேண்டிய தொல்லையும் இல்லை. முடிந்தால் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கு அடங்கிய லேக் மீட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் தொழில் நடத்த, அதை நிர்வகிக்கும் தேசியப் பூங்காச் சேவையின் அனுமதி இருக்கிறதா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? வழிகாட்டிகள் முதலுதவியிலும் ஆற்று மீட்பிலும் பயிற்சி பெற்றவர்களா? கைப்பேசிச் சமிக்ஞை பெரும்பாலும் எட்டாத அந்த இடத்தில் உதவி கேட்க அவர்களிடம் செயற்கைக்கோள் கருவி இருக்கிறதா? கயாக்கின் எடை வரம்பு என்ன? கட்டணத்தில் உணவு, போக்குவரத்து, பூங்கா நுழைவுக் கட்டணம் இவற்றில் எவை அடங்கும்? என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: காற்று அதிகமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எவ்வளவு வேகத்துக்கு மேல் பயணத்தை நிறுத்துவோம், பணத்தை எப்படித் திருப்புவோம் என்று தயங்காமல் பதில் சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வில்லோ பீச் அரிசோனாவில் இருக்கிறது. நீங்கள் புறப்பட்டு வரக்கூடிய லாஸ் வேகஸ் நகரம் நெவாடாவில் இருக்கிறது. அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எனவே மார்ச் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரு மாநிலங்களிலும் ஒரே நேரம். மற்ற மாதங்களில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். காலை 9 மணி என்று சீட்டில் அச்சிட்டிருந்தால் அது எந்த மாநிலத்து 9 மணி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இதைக் கேட்காமல் வந்து, தன் குழுவின் படகுகள் வளைவில் மறைவதைக் கரையில் நின்று பார்த்த ஒரு குடும்பத்தை நான் கண்டிருக்கிறேன்.

உடையும் மூட்டையும்

வானத்தைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும். என் முதல் பயணத்தில் நான் பருத்திச் சட்டையும் ஜீன்சும் அணிந்திருந்தேன். துடுப்பிலிருந்து வழியும் நீர் தண்டு வழியாக முழங்கைக்கும் அங்கிருந்து மடிக்கும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்துவிட்டது. வெயிலில் இருந்தவரை அது இதமாகத்தான் இருந்தது. பள்ளத்தாக்கு வளைந்து, சுவரின் நிழலுக்குள் படகு நுழைந்து, கூடவே காற்றும் வீசியபோது பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. வழிகாட்டி தன் மாற்றுச் சட்டையை எடுத்துக் கொடுத்திராவிட்டால் அன்று பாதி வழியை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை.

நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும், எளிதில் காயாது. அதற்குப் பதிலாக, விளையாட்டு வீரர்கள் அணியும் விரைவில் உலரும் செயற்கை இழைத் துணியில் முழுக்கைச் சட்டையும் முழுக்காற்சட்டையும் அணியுங்கள். வெப்பமான மாதங்களில் அது வெயிலையும் தடுக்கும். மற்ற மாதங்களில் அதற்கு மேல் ஒரு கம்பளி அல்லது ஃபிளீஸ் அடுக்கும், காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டையும் தேவை. காலுக்கு, விரல்களை மூடி, குதிகாலை இறுகப் பிடித்துக்கொள்ளும், நனைந்தாலும் கெடாத காலணிகளே சரி. ரப்பர் செருப்பு சேற்றில் ஒன்று, ஆற்றில் ஒன்று என்று போய்விடும். கரையிலுள்ள எரிமலைப் பாறைகளின் விளிம்புகள் வெறுங்காலைக் கீறும். அகன்ற விளிம்புத் தொப்பிக்கும் கண்ணாடிக்கும் வார் வேண்டும். விரல் நுனி திறந்த மெல்லிய கையுறை கொப்புளங்களைத் தவிர்க்கும்.

ஆளுக்கு 4 லிட்டர் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஆற்றின் மேல் உட்கார்ந்திருப்பதால் தாகம் தெரியாது, ஆனால் அந்த வறண்ட காற்று வியர்வையைத் தோலிலேயே காயவைத்துக்கொண்டிருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடிக்க வேண்டும். ஆற்று நீரை அப்படியே குடிக்கக் கூடாது. உப்புள்ள தின்பண்டமும் சூரியத் தடுப்புக் களிம்பும் எளிதில் எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாய்ப்பகுதியை மூன்று முறை மடித்துப் பூட்டும் நீர்புகாப் பைக்குள் ஒரு முழு மாற்றுடையும் துண்டும் இருக்க வேண்டும். அந்தப் பையைப் படகோடு கொக்கியிட்டுக் கட்ட வேண்டும். ஆஸ்துமா, ஒவ்வாமை போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைப் பைக்குள் போடாமல் மேலங்கியின் பாக்கெட்டில் சிறு உறையில் வைத்துக்கொள்வது நல்லது. படகு ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் ஆகிவிட்டால் மருந்து உங்களோடு இருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் குளிர்நீர் அதிர்ச்சியைக் கருத்தில் கொண்டு மருத்துவரைக் கேட்டபிறகே பதிவு செய்யுங்கள். கண்ணாடிப் புட்டிகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேசியப் பூங்காச் சேவையின் பகுதி என்பதால் டிரோன் பறக்கவிடவும் அனுமதி இல்லை.

கரையில் கற்க வேண்டியவை

வழிகாட்டி கரையில் நின்று பேசும் கால் மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அவர் சொல்வதில் முக்கியமானவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

உட்காரும் முறைதான் அடிப்படை. முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து, முன்பாதங்கள் கால்தாங்கிகளில் அழுந்த, முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி உட்கார வேண்டும். துடுப்பைத் தலைமேல் வைத்து, இரு முழங்கைகளும் செங்கோணமாக மடங்கும் இடத்தில் பிடித்தால் அதுவே உங்கள் கைகளுக்குரிய இடைவெளி. பிடி தளர்வாக இருக்கட்டும். குருவியைப் பிடித்திருப்பது போல, பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. துடுப்பின் அலகைப் பாதத்துக்கு அருகில் நீரில் இறக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுப்பது படகைத் திருப்புமே தவிர முன்னே தள்ளாது. கையால் இழுக்காமல், இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுக்கப் பழகுங்கள். முதல் அரை மணி நேரத்தில் தோள்பட்டை வலித்தால் கையால் மட்டும் இழுக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம். துடுப்பின் தண்டில் இருபுறமும் இருக்கும் ரப்பர் வளையங்களைச் சரியான இடத்தில் தள்ளி வைத்தால் நீர் முழங்கைக்கு வழிவது பெருமளவு குறையும். இந்தச் சிறு வளையத்தைப் பற்றி எனக்கு முதல் நாள் யாரும் சொல்லவில்லை.

திருப்புவதற்கு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் துடுப்பை அகலமாக, அரைவட்டமாக வீச வேண்டும். நிறுத்துவதற்கு இரு பக்கமும் மாறிமாறிப் பின்னோக்கித் தள்ள வேண்டும். இருவர் உட்காரும் படகானால், நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பக்கத்தில் இருப்பவர் தாளத்தைத் தீர்மானிப்பார்; அமரம் எனப்படும் பின்பக்கத்தில் இருப்பவர் அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போய்த் திசையைக் கவனிப்பார். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால் பின்னால் இருப்பவர்தான் விட்டுக்கொடுத்துத் துடுப்பிட வேண்டும். கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்யும் படகுகளை நான் பார்த்த அளவில், பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைப் புறப்படும் முன் பேசிக்கொள்ளாததே காரணம்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை மனத்துக்குள் ஒரு முறையாவது ஒத்திகை பார்த்துவிடுங்கள். முதல் வேலை மூச்சு. படகைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக ஊதி வெளியே விடுங்கள். படகை விட்டுக் கரையை நோக்கி நீந்தாதீர்கள், அது மிதக்கிறது, தூரத்திலிருந்தும் தெரிகிறது. துடுப்பை ஒரு கையில் வைத்திருங்கள். ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறை இடுக்கில் சிக்கினால் ஆறு உடம்பை முன்னே தள்ளி அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி மிதந்துகொண்டு வழிகாட்டியின் குரலைக் கேளுங்கள். மேலே உட்காரும் வகைக் கயாக்காக இருந்தால், அதை நிமிர்த்தி, பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, கால்களை உதைத்து நீச்சலடித்தபடி வயிற்றைப் படகின் குறுக்கே ஏற்றி, பிறகு உருண்டு இருக்கையில் அமர வேண்டும். கைகளின் பலத்தால் ஏற முயன்றால் முடியாது. உதைதான் உங்களை ஏற்றும். நீரோட்டம் படகைப் பாறைமேல் கொண்டுபோய்ச் சாத்தினால், பயத்தில் பாறையை விட்டு விலகிச் சாயத் தோன்றும். அப்படிச் சாய்ந்தால் ஏறிவரும் நீர் படகைப் புரட்டும். பாறையைக் கட்டிப்பிடிப்பது போல அதை நோக்கியே சாய வேண்டும். மேலங்கியில் உள்ள விசிலை மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். வேறு எதற்கும் மூன்று முறை ஊதாதீர்கள்.

ஆற்றில்

அணையின் அடிவாரத்தில் படகை இறக்கியதும் அண்ணாந்து பார்த்தால், 2010-இல் திறக்கப்பட்ட ஓ'கல்லகன்–டில்மன் நினைவுப் பாலம் சுமார் 900 அடி உயரத்தில் இரு சுவர்களையும் இணைத்து நிற்கும். அதன்மேல் போகும் லாரிகள் தீப்பெட்டி அளவில் தெரியும். அந்தக் காட்சியில் மயங்கி நிற்காமல் வழிகாட்டியின் பின்னால் வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். அணைக்கு அருகில் திரும்பிச் செல்லவோ, தடைமிதவைகளைத் தாண்டவோ கூடாது.

முதல் 4 மைல் தூரத்துக்குள்ளேயே வெந்நீர் ஊற்றுகள் உள்ள கிளைப்பள்ளத்தாக்குகள் பல வருகின்றன. நெவாடா பக்கம் கோல்டு ஸ்ட்ரைக், பிறகு பாய் ஸ்கவுட் பள்ளத்தாக்கு, அரிசோனா பக்கம் ஓர் ஏணி ஏறிச் சேரும் அரிசோனா வெந்நீர் ஊற்று. குளிர்ந்த ஆற்றிலிருந்து எழுந்து வெதுவெதுப்பான குளத்தில் காலை இறக்கும் சுகத்தை அனுபவியுங்கள், ஆனால் தலையை நீருக்குள் அமிழ்த்தாதீர்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். வெந்நீரில் வாழக்கூடிய நெக்லேரியா என்னும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குச் சென்றால் ஏற்படும் நோய் மிக அரிது, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. பூங்காச் சேவை இதைப் பற்றி எச்சரிக்கிறது. பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். நீரில் விளையாடத் தொடங்கியபின் அவர்கள் கேட்கமாட்டார்கள். தொலைவில் எங்காவது மழைமேகம் திரண்டிருந்தால் இந்த ஒடுங்கிய கிளைகளுக்குள் போகவே கூடாது. உங்கள் தலைக்குமேல் ஒரு துளியும் விழாமலேயே வெள்ளம் வரும்.

கரையேறும்போதெல்லாம் படகை நீரிலிருந்து நன்றாக மேலே இழுத்துக் கட்டுங்கள். அணை, நகரங்களின் மின்தேவைக்கு ஏற்ப நீரைத் திறப்பதால் ஒரே நாளில் ஆற்றின் மட்டம் பல அடிகள் ஏறி இறங்கும். ஒரு முறை நாங்கள் ஊற்றுக்குப் போகும் முன், வழிகாட்டி பேசாமல் வந்து என் படகை இன்னும் இரண்டு முழம் மேலே இழுத்து ஒரு பாறையில் கட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது, நான் படகை விட்டிருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அரிசோனா ஊற்றுக்கு அருகில் ரிங்போல்ட் என்று ஒரு சிறு சலசலப்பு வரும். அந்தக் காலத்தில் நீராவிப் படகுகள் எதிரோட்டத்தில் ஏற முடியாமல், பாறையில் அறையப்பட்ட இரும்பு வளையங்களில் கயிற்றைக் கட்டித் தம்மைத் தாமே இழுத்துக்கொண்டு ஏறிய இடம் இது. அதற்கும் முன்பு, 1858-இல் ஆற்றை ஆராய வந்த லெஃப்டினன்ட் ஜோசப் ஐவ்ஸின் 'எக்ஸ்புளோரர்' என்னும் நீராவிப் படகு இந்தப் பள்ளத்தாக்கின் தென்வாயிலிலேயே ஒரு பாறையில் மோதி நின்றது. அவர் சிறு படகில்தான் உள்ளே வந்து பார்த்தார். இன்றைக்கு ரிங்போல்ட்டில் உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: படகின் முன்முனை ஓட்டத்தின் திசையில் நேராக இருக்க, துடுப்பிடுவதை நிறுத்தாமல் போவது. நகரும் துடுப்பு ஊன்றுகோல் போன்றது. பயந்து துடுப்பைத் தூக்கிக்கொள்கிறவர்களே தள்ளாடுகிறார்கள்.

நண்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து காற்று எழுந்தால் அது பள்ளத்தாக்கின் வழியே நேராக முகத்தில் அடிக்கும். ஆறு முன்னே இழுக்க, காற்று பின்னே தள்ள, சில நேரம் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது நடு ஆற்றை விட்டுச் சுவரை ஒட்டிச் செல்லுங்கள். வளைவுகளின் மறைவில் காற்று குறைவாக இருக்கும். துடுப்பைத் தாழ்வாக வீசுங்கள், உடம்பைச் சற்று முன்சாய்த்துக்கொள்ளுங்கள், நீண்ட ஓய்வு எடுக்காமல் சிறிய வீச்சுகளாகத் தொடர்ந்து போடுங்கள். ஓய்வு தேவைப்பட்டால் கரையில் இறங்கி ஓய்வெடுங்கள், ஆற்றின் நடுவில் வேண்டாம். மோட்டார் படகின் அலை வந்தால் பக்கவாட்டில் வாங்காமல் முன்முனையை அதை நோக்கித் திருப்புங்கள்.

கண்ணைப் பாறைகளின்மேல் வைத்திருங்கள். பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகள் பாறையின் நிறத்திலேயே இருப்பதால், உருண்டு விழும் சிறு கல்லின் ஓசையை வைத்துத்தான் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியும். உணவு கொடுக்காதீர்கள், நெருங்காதீர்கள். வில்லோ பீச்சுக்குச் சில மைல்கள் முன்பாகச் சுவரோடு ஒட்டிய நடைபாலத்தையும் ஆற்றின் குறுக்கே இழுத்த கம்பியையும் பார்ப்பீர்கள். 1930-களில் நீரின் அளவையும் வண்டலையும் கணக்கெடுத்த ஊழியர்கள் ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனார்கள்.

எமரால்டு கேவ் அரிசோனா கரையில் இருக்கிறது. நாலைந்து படகுகள் மட்டுமே கொள்ளும் சிறு குடைவு அது. வெளியே வரிசையில் காத்திருந்து, உள்ளே இருப்பவர்கள் வந்தபின் நுழைவதே முறை. வெயில் நீரில் படும் வேளையில் உள்ளே போய்த் துடுப்பை அசைக்காமல் வைத்திருங்கள். அடியிலிருந்து எழும் பச்சை ஒளி குகையின் கூரையில் வலைபோல நெளியும். நீருக்குள் இருக்கும் வெள்ளைத் துடுப்பின் அலகு மரகதத் துண்டாகத் தெரியும், மேலே எடுத்ததும் வெறும் பிளாஸ்டிக்காகிவிடும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுங்கள்.

கரை சேர்ந்ததும்

வில்லோ பீச்சில் இறங்கும்போது அவசரப்படாதீர்கள். ஆறு மணி நேரம் மடங்கியிருந்த கால்கள் உடனே நிற்காது. பலர் விழுவது இங்கேதான். படகு மணலைத் தொட்டபின் இரு கால்களையும் ஒரே பக்கம் இறக்கி, சற்று உட்கார்ந்திருந்து எழுங்கள். ஈர உடையை உடனே மாற்றிவிடுங்கள். கொண்டுபோன ஆரஞ்சுத் தோல்கூடத் திரும்பி வர வேண்டும். பாலைவனத்தில் அது மட்குவதற்கு வெகு காலமாகும். பயணம் திருப்தியாக இருந்தால் வழிகாட்டிக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை அன்பளிப்பு கொடுப்பது அந்நாட்டு வழக்கம். அதற்குரிய ரொக்கத்தைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. 2007-இல் லேக் மீட்டில் குவாகா என்னும் அயல் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கீழுள்ள நீரெல்லாம் இப்போது அதன் வாழிடம். கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் ஈரக் காலணியிலும் பையின் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு வேறு ஏரிகளுக்குப் போகக்கூடியவை. வாடகைப் படகை நிறுவனத்தார் கழுவுவார்கள், உங்கள் காலணியையும் கையுறையையும் நீங்கள்தான் கழுவ வேண்டும். ஒட்டிய சேற்றை அங்கேயே தட்டி, பைகளில் தேங்கிய நீரைக் கரையிலேயே வடித்துவிட்டு, வேறொரு நீர்நிலையில் கால் வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள்.